விளக்கு வைத்தபின் கேட்ட உறை

இலந்தையாறு மலையிலிருந்து இறங்கி முதலில் மேல்துறையைத் தொடும், பிறகு எங்கள் நடுத்துறையைத் தொடும், கடைசியில் கடைத்துறையையும் தொட்டுவிட்டுப் பெரிய ஆற்றில் போய்ச் சேரும். மூன்று ஊரும் அதில்தான் குடித்தோம், அதில்தான் குளித்தோம், எங்களிடமிருந்து கழிந்ததையெல்லாம் வெகுகாலம் அதிலேயேதான் விட்டோம், யாரும் யாரையும் ஏனென்று கேட்டதில்லை. அந்த ஆற்றங்கரையில் ஒரு புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, என் டீக்கடையில், அன்றைக்கு நான் போட்ட முதல் டீயில், வடிகட்டிக்குத் தப்பிய தூள் கிளாஸின் அடியில் போய்ப் படியவில்லை.

தபால்காரர் மாயாண்டிதான் முதலில் பார்த்தார். கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "என்னய்யா, தூளு சுத்திக்கிட்டே இருக்கு?" என்றார்.

"அது உக்காரும். மொதல்ல நீங்க உக்காருங்க" என்றேன் நான்.

அவரும் உட்காரவில்லை. பெஞ்சில் இடம் இருந்தது, உட்கார வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது, இரண்டு தடவை முயற்சியும் செய்தார், ஆனால் பெஞ்சு தொட்ட உடனே எழுந்துவிட்டார். டீயை நடந்துகொண்டே குடித்தார், குடித்து முடித்தபோது தூள் காலிக் கிளாஸுக்குள்ளும் சுற்றிக்கொண்டிருந்தது, அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் அடுத்த டீயைப் போட்டேன்.

பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, நடுத்துறையில் எதுவும் அடியில் தங்குவதில்லை என்று. அரிசி களைந்தால் கல் மேலே வந்து அரிசியோடு அரிசியாகச் சுற்றியது. வாசலில் போட்ட கோலம் தரையைத் தொடாமல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்று, மெல்ல நகர்ந்து, மதியத்துக்குள் எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விட்டது, இது யார் கோலம் என்று மூன்றாம் தெருவில் ஒரு சண்டையும் நடந்தது. ரேஷன் கடைத் தராசு முள் நிற்கவேயில்லை, கடைக்காரர் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து குத்துமதிப்பாகப் போட ஆரம்பித்தார், எப்போதும் வருவதைவிட அதுவே கூடுதலாக இருக்கிறதென்று சனங்கள் சொன்னார்கள். பஸ் கிளப்பிய தூசி பஸ் போய் இரண்டு நாள் கழித்தும் அங்கேயே நின்றது. கோழிகள் கூட்டுக்குள் போய்ப் போய் வெளியே வந்தன, தொட்டிலில் போட்ட பிள்ளைகள் கண்ணை மூடி மூடித் திறந்தன, வீட்டில் உறைமோர் ஊற்றிய பால் விடிய விடியப் பாலாகவே அசைந்துகொண்டிருந்தது.

வடக்குத் தெரு சீனி வாத்தியார் அந்தச் சமயத்தில்தான் காலமானார். அவர் மகன்கள் அஸ்தியை ஆற்றில் கரைக்கப் போனார்கள், அஸ்தி கரையவும் இல்லை, மூழ்கவும் இல்லை, தண்ணீருக்கு மேலே ஒரு முழம் நின்று யோசித்துவிட்டு அவர்கள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. வாத்தியார் வீட்டம்மா முதல் நாள் அழுதார், இரண்டாம் நாள் கொல்லைப்பக்கம் போகச் சொல்லி அதட்டினார், மூன்றாம் நாளிலிருந்து காலையில் ஒரு தம்ளர் காப்பியைக் கூடத்துச் சன்னலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

நாங்கள் அப்படித்தான். எது வந்தாலும் இரண்டு நாள் திகைப்போம், மூன்றாம் நாள் அதற்கு ஒரு வசதி செய்துகொள்வோம். நான் கிளாஸின் வாயில் மெல்லிய துணி கட்டி டீ கொடுத்தேன். பெண்கள் கோலத்தின் நான்கு மூலையிலும் கல் கட்டித் தொங்கவிட்டார்கள், பிறகு கல்லும் மிதப்பதைப் பார்த்து அதை விட்டுவிட்டார்கள். அலைபேசிக் கோபுரம் வந்ததால்தான் இப்படி என்றார் ஒருவர், போன வருடம் வெட்டிய புளியமரத்தின் வேலை என்றார் இன்னொருவர், இரண்டு பேரும் அதைத் தெருத்தெருவாக நடந்துகொண்டே சொன்னார்கள், ஏனென்றால் நின்று பேச யாராலும் முடியவில்லை.

காரணம் தெரிந்த ஒரே ஆள் ஒச்சம்மாள். அவள் வாய் திறக்கவில்லை.

ஒச்சம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. புருசன் லாரி ஓட்டப் போய் வடக்கே ஒரு விபத்தில் போய்விட்டான், பிள்ளை இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் பாதாளச் சாக்கடை வந்து, ஆற்றோரம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் கட்டியபோது, ஐ.டி.ஐ. படித்திருந்த அவளுக்கு அங்கே ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நாங்கள் அந்த இடத்தைச் சாக்கடைத் தோட்டம் என்போம். ஊரின் கழிவெல்லாம் குழாய் வழியே அங்கே போகும், கம்பிச் சல்லடை துணியையும் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும், மற்றது ஒரு பெரிய தொட்டியில் விழும், அங்கே மோட்டார் இரவும் பகலும் காற்று ஊதிக்கொண்டிருக்க, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்த அழுக்கைத் தின்று கொழுக்கும். பிறகு அடுத்த தொட்டி, அங்கே காற்றில்லை, அசைவில்லை, தின்ற பூச்சியெல்லாம் பழுப்புச் சேறாக அடியில் படிய, மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் விளிம்பில் வழிந்து வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போகும். மொத்த வித்தையும் படிவதில்தான் இருக்கிறது என்று ஒச்சம்மாள் சொல்வாள்.

முதன்முதலில் அந்தத் தொட்டிக்கு உயிர் வரவழைத்தவளும் அவள்தான். தொலைவில் ஏதோ ஒரு நகரத்து நிலையத்திலிருந்து ஒரு லாரி சேறு வாங்கிவந்து ஊற்றி, சாணம் கரைத்து விட்டு, வெல்லம் கரைத்து விட்டு, இருபது நாள் காத்திருந்தாள். என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டதற்கு, "உறைண்ணே. பாலுக்கு ஊத்துற மாதிரி" என்றாள். தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து, அரை மணி நேரம் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள், சேறு இறங்கி மேலே தெளிவதைப் பார்த்த பிறகுதான் சாப்பாட்டைத் திறப்பாள். நான்கு வருடத்தில் ஒரு குடம் கறுப்புத் தண்ணீர்கூட ஆற்றுக்குப் போனதில்லை. ஆற்றில் மீன்கொத்தி திரும்ப வந்தது, கடைத்துறைக்காரர்கள் மறுபடி ஆற்றுக்குள் கிணறு இறக்கிக் குடித்தார்கள்.

நாங்கள் அவளுக்கு என்ன செய்தோம் என்றும் சொல்லத்தான் வேண்டும். அவள் வேலைக்குப் போன மறுவாரத்திலிருந்து எங்கள் தெருவில் யாரும் அவள் வீட்டில் உறைமோர் வாங்கவில்லை. அதற்கு முன்னால் வாங்கியிருக்கிறோம், ஒச்சம்மாள் வீட்டுத் தயிர் கட்டியாக இருக்கும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, சண்டை போடவில்லை, முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை, டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனோம், அவ்வளவுதான். என் கடையில் எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாஸ், அவளுக்கு மட்டும் பேப்பர் கப். சுகாதாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் தினமும் குடுவையைக் கழுவுகிற சோப்பு என் கடையில் எந்த நாளும் இருந்ததில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. தூள் அலைய ஆரம்பித்ததற்கு முதல் நாள் சாயங்காலம், ஆறரை மணி இருக்கும், மேல்துறைச் சாக்கடைத் தோட்டத்து ஆபரேட்டர் பீர்முகமது காலி டேங்கர் லாரியோடு வந்து ஒச்சம்மாள் முன்னால் நின்றார். அவர்கள் ஊரில் எவனோ பட்டறைக்காரன் ஆசிட் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிட்டிருக்கிறான், தொட்டியில் இருந்த பூச்சியெல்லாம் ஒரே பகலில் செத்துவிட்டது.

"அக்கா, எங்க தொட்டி போச்சு. விடியுறதுக்குள்ள ரொம்பிரும், ரொம்புனா ஆத்துலதான் விழும். ஒங்ககிட்ட நல்ல உறை இருக்குன்னாங்க. ஒரு லாரி குடுங்க" என்றார்.

உறை என்ற சொல்லைக் கேட்டதும் ஒச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். நான்கு வருடம் கழித்து ஒரு மனிதர் அவளிடம் உறை கேட்டு வந்திருக்கிறார். அந்தச் சந்தோசத்தில், அந்தப் பெருமையில், அவள் சுவிட்சுப் பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தாள், அதன் முன்னால் அகல் எரிந்துகொண்டிருந்தது, அப்போதுதான் ஏற்றியிருந்தாள். விளக்கு வைத்தபிறகு உறைமோர் கொடுக்கக்கூடாது என்பதும், செவ்வாய்க்கிழமை என்றால் கேட்கவே கூடாது என்பதும் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் தெரிந்த கதை. மானமாகக் குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்ணும் சொல்வதை அவளும் சொன்னாள்.

"வெளக்கு வச்சாச்சே பாய். செவ்வாக்கெழம வேற. காலையில வாங்க, தாரேன்."

பீர்முகமது அந்த விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரிக்கா என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். ஒருதரம் இல்லையென்ற வாசலில் மறுதரம் கேட்கிற பழக்கம் அவர் வம்சத்தில் கிடையாது. விடியற்காலையில் மேல்துறையில் மதகைத் திறந்துவிட்டார்கள். ஒச்சம்மாள் காலை ஐந்து மணிக்கே குழாயைத் தயாராக எடுத்து வைத்து, மதியம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் ஆறு மேலேயிருந்து கலங்கி இறங்கியது, அவள் குடுவையில் சேறு கீழே போகாமல் சுற்றியது, அரை மணி கழித்தும் சுற்றியது, அன்று முழுக்கச் சுற்றியது, அன்று அவள் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

படியாவிட்டால் தெளியாது, தெளியாவிட்டால் விடமாட்டேன் என்று ஆற்றுப்பக்க மதகை இறக்கிப் பூட்டிவிட்டாள். வருகிற கழிவையெல்லாம் உபரித் தொட்டியில் தேக்கினாள், அது நிறைந்ததும் பக்கத்தில் இருந்த பழைய குட்டையில் தேக்கினாள். எட்டு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். அதற்குப் பிறகு இரண்டே வழிதான், ஒன்று கலங்கலை ஆற்றில் விட்டுக் கடைத்துறையைக் குடிக்க வைப்பது, இல்லையென்றால் அது வந்த வழியே திரும்பி எங்கள் வீட்டுக் கக்கூஸுக்குள் பொங்குவது. இஞ்சினியர் வந்து பார்த்தார், தொட்டியைச் சுற்றிப் பதினோரு தடவை நடந்தார், இதெல்லாம் சீசன் சமாச்சாரம், தானாகச் சரியாகும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் உட்கார முடியாமல் ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்து போனார்.

ஒச்சம்மாள் ஒவ்வொரு நாளும் கடைக்கு வந்தாள். பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடப்பாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு டீயைக் குடித்துவிட்டுப் போவாள். பீர்முகமதுவின் நம்பர் அவளிடம் இருந்தது. எட்டு நாளும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தாளே தவிர அழுத்தவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை, கொடுப்பதற்கும் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை.

எட்டாம் நாள், மறு புதன்கிழமை, குட்டையில் தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பேரூராட்சித் தலைவர் ராஜாங்கம் ஊரைக் கூட்டிக்கொண்டு மதகைத் திறக்க வந்தார். நானும் போனேன், என் வீட்டுக்காரி செல்லத்தாயும் வந்தாள். யாராலும் ஒரு இடத்தில் நிற்க முடியாததால் கூட்டம் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே நடந்தது, தலைவர் முன்னால், நாங்கள் பின்னால், தேருக்குப் பின்னால் போவது மாதிரி. ஒச்சம்மாள் மட்டும் மதகுச் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள், அவள் கால் இரண்டும் அந்த இடத்திலேயே தத்தளித்துக்கொண்டிருந்தன.

தலைவர் அவளைக் கடக்கும்போது, "ஏத்தா ஒச்சம்மா, சாவியக் குடு. இன்னைக்கு ராத்திரி ஊருக்குள்ள பொங்கப் போகுது" என்றார்.

"தெறந்தா கடைத்துறைக்காரன் குடிப்பாண்ணே."

அவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "மேல்துறைக்காரன் தெறக்கலையா? அவன் விட்டதத்தான நாம எட்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கோம்?" என்றார்.

"அவுக தெறந்ததே என்னாலதாண்ணே."

கூட்டம் நிற்க முயன்றது, முடியவில்லை, மெதுவாக நடந்தது. நாங்கள் சுற்றச் சுற்ற அவள் சொன்னாள், அதனால் எல்லோருக்கும் துண்டு துண்டாகத்தான் கேட்டது. டேங்கர் வந்ததையும், விளக்கு எரிந்ததையும், காலையில் வாங்க என்று அனுப்பியதையும் சொன்னாள்.

"கூறுகெட்டவளே, இது என்ன மோரா? சாக்கடைச் சேத்துக்கு வெளக்குச் சாங்கியமா பாப்பாக?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

அப்போதுதான் ஒச்சம்மாள் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எனக்கு வேற எதுக்குப் பாக்க வாய்ச்சுச்சு? நாலு வருசமா எங்க வீட்ல உறை குத்தி வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தி டம்ளர நீட்டல. மொதமொதலா ஒரு மனுசன் எங்கிட்ட உறை கேட்டு வந்தாரு. நானும் நாலு வீட்டுப் பொம்பளைக மாதிரி, வெளக்கு வச்சாச்சு, நாளைக்கு வாங்கன்னு சொன்னேன். அதச் சொல்ல எனக்கு எம்புட்டு ஆசையா இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு முன்னால் நடந்த செல்லத்தாய் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நான் என் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த நேரத்தில் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது, அதை மறைத்து எழுதுவதில் ஒன்றும் இல்லை.

"இந்த உறை சாகல. அலையுது, அம்புட்டுத்தான். பாதிய மேல்துறைக்குக் குடுத்துர்றேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"ஒன் தொட்டியே தள்ளாடுது. பாதியக் குடுத்துட்டு நீ என்னத்த வச்சுத் தெளிய வைப்ப?" என்றார் தலைவர்.

"குடுத்துட்டுப் பாக்குறேன். சனிக்கெழம விடியுற வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. அதுக்கும் தெளியலைன்னா சாவிய நானே கொண்டாந்து தாரேன்."

தலைவர் இன்னும் இரண்டு சுற்று நடந்து யோசித்தார். பிறகு சனிக்கிழமை விடியும்வரை ஊரில் ஒருவரும் குளிக்கக்கூடாது, துவைக்கக்கூடாது, கொல்லைப்பக்கம் போகிறவர்கள் ஒரு செம்புக்கு மேல் ஊற்றக்கூடாது என்று உத்தரவு போட்டார். மீறினால் அபராதம் என்று சொல்ல வந்து, அதைச் சொல்லாமலே வீட்டுக்குப் போனார்.

பீர்முகமதுவுக்கு நான்தான் என் போனிலிருந்து கூப்பிட்டேன், நம்பரை அவள் படித்துச் சொன்னாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டேங்கரோடு வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால். சுவிட்சுப் பெட்டிக்கு மேலே அகல் எரிந்துகொண்டிருந்தது, ஒச்சம்மாள் வேண்டுமென்றேதான் அன்று அதைச் சீக்கிரமாக ஏற்றியிருந்தாள். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வெளக்கு வச்சுட்டீங்க போலக்கா. காலையில வரட்டுமா?" என்றார். கேலியா, மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எரியட்டும் பாய். வெளிச்சத்துல நல்லாத் தெரியும். கொழாயப் போடுங்க" என்றாள்.

இரண்டு லாரி கொடுத்தாள். பழுப்புச் சேறு குழாயில் புரண்டு போவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள், ஒவ்வொரு லாரியோடும் ஐந்து கிலோ வெல்லமும் கொடுத்து, முதல் மூன்று நாள் கரைத்து விடுங்கள், ஊதுகிற காற்றைக் குறைத்துவிடாதீர்கள், ஆசிட் வாடை வந்தால் சல்லடையிலேயே நிறுத்துங்கள் என்று, கட்டிக்கொடுத்த பெண்ணை அனுப்புகிறவள் மாதிரிச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். லாரி போனபிறகு அவள் தொட்டி பாதியாக நின்றது, குட்டையில் தண்ணீர் இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தது.

வியாழனும் வெள்ளியும் எங்கள் ஊர் நாறியது. குளிக்காத உடம்போடு ஊரே நடந்துகொண்டிருந்தது, குளிக்காத மாப்பிள்ளைக்கும் குளிக்காத பெண்ணுக்கும் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது, தாலி கட்டும்போதும் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள், அட்சதை தலையில் விழாமல் அவர்களைச் சுற்றிப் பறந்தது. பாத்திரம் கழுவினால் தண்ணீர் போகும் என்று நான் கண்ணாடிக் கிளாஸை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, இரண்டு நாளும் எல்லோருக்கும் பேப்பர் கப்பிலேயே டீ கொடுத்தேன். தலைவர் தன் கப்பைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். மாயாண்டி மட்டும், "என்னய்யா, என்னையும் ஒச்சம்மாவாக்கிப்பிட்ட?" என்று கேட்டார், கேட்ட உடனேயே முகம் சுருங்கிப்போய்க் குனிந்து கப்பைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய மேகம் வந்தது. மழை பெய்தால் குட்டை உடையும், உடைந்தால் யார் சாவியும் தேவையில்லை. நாங்கள் எல்லோரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நடந்தோம், மேகமும் எங்கள் ஊருக்கு மேலே ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அலைந்து, கடைசியில் மலைப்பக்கம் போய்விட்டது. அந்த அலைச்சலால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை அதுதான்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு முதல் டீ போட்டேன். துணி கட்ட மறந்துவிட்டேன். மாயாண்டி கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். தூள் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்று மெதுவாகச் சுற்றியது, பிறகு ஒவ்வொன்றாக இறங்கிப்போய் அடியில் உட்கார்ந்தது. மாயாண்டியும் பெஞ்சில் உட்கார்ந்தார். பதினோரு நாள் கழித்து உட்கார்ந்ததால் "யப்பா" என்று சத்தம் போட்டார், அந்தச் சத்தத்துக்குக்கூடப் பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளை எழவில்லை.

நான் கடையை அப்படியே விட்டுவிட்டுச் சாக்கடைத் தோட்டத்துக்கு ஓடினேன். ஒச்சம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், எதிரே குடுவை. நான் போனபோது சேறு பாதி இறங்கியிருந்தது. பேசாதீங்க என்று கையைக் காட்டினாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது. கீழே பழுப்பு, மேலே தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் சுவரில் ஓடிய பல்லி தெளிவாகத் தெரிந்தது. அவள் எழுந்து போய் மதகைத் திறந்தாள். தேங்கிக் கிடந்ததெல்லாம் அன்றைக்கு ஒரே நாளில் தெளிந்துவிடாது, குட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் வாங்கித் தெளியவைக்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றாள், ஆனால் முதல் தண்ணீர் அப்போது வாய்க்காலில் போனது, ஆறும் மேலேயிருந்து தெளிந்து வந்துகொண்டிருந்தது, இரண்டும் சேர்ந்த இடத்தில் எது எந்தத் தண்ணீர் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள், எனக்கும் இரண்டு இட்லி வைத்தாள். தின்றேன்.

அன்று ஊர் செய்த வேலைகளை முழுக்கச் சொல்லி முடியாது. நின்றிருந்த தூசியெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கியதில் எல்லோர் வீட்டிலும் ஒரு படி மண் விழுந்தது. கோலங்கள் எங்கே நின்றிருந்தனவோ அங்கேயே தரையில் ஒட்டிக்கொண்டன, அதில் ஒன்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியது. வாத்தியார் அஸ்தி மத்தியானம் கூடத்துச் சன்னலருகே ஒரு சின்னக் குவியலாக உட்கார்ந்தது, அம்மா அதை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, இன்று ஒரு நாள் இருக்கட்டும், நாளைக்குக் கரைக்கலாம் என்று மகன்களிடம் சொன்னார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு பீர்முகமது ஒச்சம்மாள் வீட்டுக்கு வந்தார். தொட்டி உயிர் பிடித்துவிட்டதென்று சொல்லி, ஒரு தூக்குவாளியைக் கொடுத்தார்.

"வீட்ல குடுத்துவிட்டா. ஒங்க ஊர்ல பதினோரு நாளாப் பால் தோயலையாமே. உறைக்கு ஆகும்னா" என்றார்.

எங்கள் ஊரில் அன்று ஒரு வீட்டில்கூட உறைமோர் இல்லை. இருந்ததெல்லாம் அலைந்து அலைந்து கெட்டுப்போய்க் கொட்டியிருந்தோம். கடையில் பாக்கெட் தயிர் கிடைக்கும், அது எனக்கும் தெரியும், செல்லத்தாய்க்கும் தெரியும். அவள் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் வாசற்படியில் வந்து நின்றாள். எதிர்வீட்டைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"நீங்க போயி வாங்கிட்டு வாங்களேன்" என்றாள்.

"உறை வாங்குறது பொம்பளைக வேலைல்ல?"

"நாலு வருசம் போகாதவ இன்னைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

"எனக்கு மட்டும் வேற மூஞ்சியா இருக்கு?"

இரண்டு பேரும் போனோம். தெருவைக் கடப்பதற்குள் ஒச்சம்மாள் வீட்டு மாடத்தில் விளக்கு வைத்துவிட்டாள். வாசலில் செல்லத்தாய் டம்ளரை நீட்டினாள். ஒச்சம்மாள் டம்ளரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், திரும்பி மாடத்து விளக்கைப் பார்த்தாள்.

"வெளக்கு வச்சாச்சே மதினி" என்றாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ரொம்ப நாள் ஆசைப்பட்ட ஒன்றை வாயில் போட்டுச் சுவைக்கிறவள் மாதிரி.

செல்லத்தாய் டம்ளரைப் பின்னுக்கு இழுக்கவில்லை. "சரி, காலையில வாரேன்" என்றாள். ஆனால் போகவில்லை.

அப்போது ஒச்சம்மாள் சிரித்தாள். புருசன் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே போய்த் தூக்குவாளியையும் கரண்டியையும் எடுத்துவந்தாள், டம்ளரில் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"பாலு கைச்சூட்டுக்கு வந்ததும் ஊத்துங்க. ஊத்திட்டு அலுங்காம வையுங்க" என்றாள்.

பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்து, கரண்டியை மறுபடி வாளிக்குள் விட்டாள். நானும் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் தெருப் பெண்கள் இரண்டு பேர், தலைவர் வீட்டம்மா, மடியில் வாத்தியாரை வைத்துக்கொண்டிருந்தவர், இன்னும் ஏழெட்டுப் பேர், கையில் ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையாக நின்றார்கள். யாருடைய காலும் அசையவில்லை.